வலி இல்லாமல் காதில் சீழ் வடிகிறதா? செவிப்பறை ஓட்டைக்கும் நாள்பட்ட நடுக்காது நோய்க்கும் என்ன தொடர்பு?

காது வலித்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுகிறோம். காது வடிந்தால் பஞ்சு வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறோம். "சின்ன வயசுல இருந்தே இப்படித்தான், சளி பிடிச்சா வடியும், அப்புறம் அதுவா நின்னுடும்" என்று சொல்பவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, அதனால் பெரிதாக ஒன்றும் இல்லை என்ற நினைப்பு.

ஆனால் காது, மூக்கு, தொண்டை மருத்துவர்கள் பயப்படுவது வலி இல்லாத இந்தச் சீழைப் பார்த்துத்தான். மருத்துவமனை சீட்டில் 'சிஎஸ்ஓஎம்' என்று சுருக்கமாக எழுதப்படும் நாள்பட்ட நடுக்காது சீழ் நோயின் அடையாளம் அது. இந்த நோயைப் புரிந்துகொள்ள, முதலில் செவிப்பறையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

செவிப்பறை என்ன வேலை செய்கிறது?

காதுத் துவாரத்தின் உள்முனையில், சட்டைப் பொத்தான் அளவில் இருக்கும் மெல்லிய சவ்வுதான் செவிப்பறை. இதன் குறுக்களவு சுமார் 9 முதல் 10 மில்லிமீட்டர். தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். அவ்வளவு மெல்லிய சவ்வில் மூன்று அடுக்குகள் உண்டு. வெளியே தோல், நடுவே நார், உள்ளே சளிச்சவ்வு.

செவிப்பறைக்கு இரண்டு வேலைகள்.

முதல் வேலை, ஒலியைக் கடத்துவது. உள்காதுக்குள் இருப்பது திரவம். காற்றில் வரும் ஒலி நேராகத் திரவத்தின் மேல் பட்டால், கிட்டத்தட்ட முழுவதும் திரும்பிப் போய்விடும். கிணற்றுக்குள் முங்கி இருப்பவருக்கு மேலே பேசுவது சரியாகக் கேட்காதது இதனால்தான். இந்த இழப்பை ஈடுகட்ட நடுக்காதில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று குட்டி எலும்புகள் உள்ளன. செவிப்பறையின் பெரிய பரப்பில் விழும் அதிர்வு, இந்த எலும்புகள் வழியாக அங்கவடியின் சின்ன அடிப்பகுதிக்குப் போய்ச் சேர்கிறது. பரப்பு வித்தியாசம் சுமார் 17 மடங்கு. எலும்புகளின் நெம்புகோல் விசையையும் சேர்த்தால் அழுத்தம் சுமார் 22 மடங்காகக் கூடுகிறது. அதனால்தான் பக்கத்து அறையில் பேசும் பேச்சுகூட நமக்குக் கேட்கிறது.

இரண்டாவது வேலை, பாதுகாப்பு. குளிக்கிற தண்ணீர், தூசி, கிருமி எதுவும் நடுக்காதுக்குள் போகாமல் தடுக்கும் கதவு இதுதான்.

கதவில் ஓட்டை விழுந்தால் இரண்டு வேலையும் கெடுகிறது. காது மந்தமாகிறது. தண்ணீரும் கிருமியும் உள்ளே போகின்றன.

ஓட்டை எப்படி விழுகிறது?

எல்லா ஓட்டையும் ஒரே மாதிரி இல்லை. காரணத்தைப் பொறுத்து அதன் எதிர்காலமும் மாறும்.

அடி பட்டு விழும் ஓட்டை: கன்னத்தில் விழுந்த அறை, பட்டாசுச் சத்தம், ஊக்கு, ஹேர்பின், காது குடையும் பட்ஸ் இவற்றால் செவிப்பறை கிழியலாம். அந்த நிமிடம் வலிக்கும், கொஞ்சம் ரத்தம் வரலாம், காதில் 'ஙொய்' என்று இரைச்சல் கேட்கும். தண்ணீர் படாமல், கிருமி சேராமல் பார்த்துக்கொண்டால் இப்படிப்பட்ட கிழிசல்களில் பெரும்பாலானவை சில வாரங்களில் இருந்து மூன்று மாதத்துக்குள் தானாகவே மூடிக்கொள்ளும்.

சளியால் விழும் ஓட்டை: இங்கே கதை மூக்கின் பின்புறம் தொடங்குகிறது. மூக்கின் பின்பகுதியையும் நடுக்காதையும் யூஸ்டேஷியன் குழாய் என்ற சின்னக் குழாய் இணைக்கிறது. எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் இது திறந்து, நடுக்காதுக்குக் காற்று அனுப்பும். மலையேறும்போது காது அடைத்து, எச்சில் விழுங்கியதும் 'டப்' என்று திறப்பது இந்தக் குழாயின் வேலைதான்.

குழந்தைகளுக்கு இந்தக் குழாய் நீளம் குறைவாகவும், சாய்வு இல்லாமல் கிட்டத்தட்ட படுக்கை வாட்டத்திலும் இருக்கும். அதனால் மூக்குச் சளியும் கிருமியும் சுலபமாகக் காதுக்கு ஏறிவிடும். நடுக்காதில் சீழ் கட்டி, அழுத்தம் கூடி, செவிப்பறை ஊசிமுனை அளவுக்கு உடைந்து சீழ் வெளியே வரும். ராத்திரி முழுக்க காதைப் பிடித்துக்கொண்டு அழுத குழந்தை, விடிகாலையில் தலையணை நனைந்ததும் அழுகையை நிறுத்தித் தூங்கிவிடும். அழுத்தம் குறைந்ததால் வலி போயிருக்கிறது. நோய் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை.

சரியான சிகிச்சை கிடைத்தால் இந்த ஓட்டையும் பெரும்பாலும் மூடிவிடும். மூடாமல் போகும்போதுதான் நாள்பட்ட நோய் ஆரம்பிக்கிறது.

ஓட்டையால் நோயா, நோயால் ஓட்டையா?

இரண்டுமே உண்மை. ஒன்று மற்றொன்றை வளர்க்கும் சுழற்சி இது.

ஓட்டை திறந்தே இருப்பதால் தண்ணீரும் கிருமியும் உள்ளே போகின்றன. நடுக்காதின் சளிச்சவ்வு வீங்கிச் சீழை உண்டாக்குகிறது. சீழ் தொடர்ந்து வடிவதால் ஓட்டையின் விளிம்பு ஆற முடியவில்லை. நாளாக ஆக, ஓட்டையின் ஓரத்தில் தோல் வளர்ந்து நிலையான விளிம்பாகிவிடும். அதன் பிறகு தானாக மூடும் வாய்ப்பு மிகவும் குறைவு. காது குத்திய ஓட்டையில் கம்மலை விட்டே வைத்திருந்தால் நிலைத்துவிடுவது போலத்தான் இதுவும்.

செவிப்பறையில் ஓட்டை இருந்து, இரண்டு வாரத்துக்கு மேல் காது வடிந்தாலே அதை நாள்பட்ட நோயாகக் கருதலாம் என்பது உலக சுகாதார அமைப்பின் வரையறை. காது மருத்துவர்கள் பலர் இன்னும் அதிக வாரங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். எந்தக் கணக்கில் பார்த்தாலும், வருஷக்கணக்கில் வடியும் காதை "சாதாரணம்" என்று சொல்ல முடியாது.

இந்தியாவுக்கு இது சின்னப் பிரச்னை இல்லை. உலகம் முழுவதும் 6.5 கோடி முதல் 33 கோடி பேர் வரை சீழ் வடியும் காதோடு வாழ்வதாகவும், அவர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்குக் கேட்கும் திறன் குறைந்திருப்பதாகவும் உலக சுகாதார அமைப்பின் 2004 அறிக்கை மதிப்பிட்டது. மக்கள்தொகையில் 4 சதவீதத்துக்கு மேல் பாதிப்பு இருந்தால் அதை அவசரமாகக் கவனிக்க வேண்டிய பொதுச் சுகாதாரப் பிரச்னை என்று சொன்ன அந்த அறிக்கை, இந்தியாவை அந்தப் பட்டியலில்தான் வைத்திருந்தது.

'பாதுகாப்பான' காது, 'ஆபத்தான' காது

இந்த நோயில் இரண்டு வகைகளைப் பிரித்துப் பார்ப்பது ரொம்ப முக்கியம். ஓட்டை எவ்வளவு பெரியது என்பதைவிட, எந்த இடத்தில் இருக்கிறது என்பதைத்தான் டாக்டர்கள் முதலில் பார்ப்பார்கள்.

முதல் வகை: ஓட்டை செவிப்பறையின் நடுப்பகுதியில், சுற்றிலும் விளிம்பு மீதம் இருக்கும்படி அமைந்திருக்கும். சளி பிடித்தாலோ, தண்ணீர் போனாலோ நிறைய வடியும். வடிவது பெரும்பாலும் சளி மாதிரி இருக்கும், நாற்றம் அடிக்காது. மருந்து போட்டால் காயும். இதைப் பழைய புத்தகங்கள் 'பாதுகாப்பான வகை' என்றன. எலும்பை அரிக்கும் ஆபத்து இதில் குறைவு. ஆனால் காது மந்தமாவது இதிலும் நடக்கும்.

இரண்டாம் வகை: யூஸ்டேஷியன் குழாய் பல வருஷம் சரியாகத் திறக்காவிட்டால், நடுக்காதில் காற்றழுத்தம் குறையும். உறிஞ்சிய ஜூஸ் பாக்கெட் உள்ளே ஒடுங்குவது போல, செவிப்பறை உள்பக்கமாக இழுக்கப்படும். மேல்பகுதியிலோ ஓரத்திலோ ஒரு பை மாதிரிப் பள்ளம் உண்டாகும்.

செவிப்பறையின் தோலுக்கு ஒரு விசேஷம் உண்டு. அது மெதுவாக வெளிப்பக்கம் நகர்ந்து, இறந்த செல்களையும் அழுக்கையும் தானே வெளியே தள்ளும். காதைக் குடைந்து சுத்தம் செய்யத் தேவையில்லை என்று டாக்டர்கள் சொல்வதற்குக் காரணமே இதுதான். பள்ளம் ஆழமாகிவிட்டால் அந்தத் தோல் வெளியே வர வழி இல்லாமல் உள்ளேயே அடுக்கடுக்காகச் சேரும். இதற்குப் பெயர் கொலஸ்டியடோமா. இது புற்றுநோய் இல்லை. ஆனால் பக்கத்தில் இருக்கும் எலும்பை அரித்துக்கொண்டே வளரும்.

இந்த வகையில் சீழ் கொஞ்சமாகத்தான் வரும். ஆனால் நாற்றம் தாங்காது. சில சமயம் ரத்தமும் கலந்து வரும். வலி பெரும்பாலும் இருக்காது. "கொஞ்சம்தானே வடியுது" என்று இருந்துவிடுபவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

அரித்தால் எங்கே போகும்?

நடுக்காது என்பது பட்டாணி அளவு இடம். அதைச் சுற்றி இருப்பவை எல்லாமே முக்கியமானவை. கூரைக்கு மேலே மூளை. பின்பக்கம் மாஸ்டாய்டு எலும்பும், மூளையில் இருந்து ரத்தம் இறங்கும் பெரிய நாளமும். சுவர் வழியாகவே முகத்தை அசைக்கும் நரம்பு ஓடுகிறது. உள்பக்கம் உள்காதும் சமநிலை உறுப்பும் இருக்கின்றன. இடையில் இருப்பது மெல்லிய எலும்புத் தகடுதான்.

அதனால் காது வடியும் ஒருவருக்குக் கீழே உள்ள அறிகுறிகளில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்:

• முகத்தின் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கண்ணை மூட முடியாமல் போவது

• காதுக்குப் பின்னால் வீக்கம், காது முன்பக்கம் தள்ளி நிற்பது

• தலைசுற்றல், நடக்கும்போது தடுமாற்றம்

• கடுமையான தலைவலி, குளிர் காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு

• மயக்கம், வலிப்பு, பேச்சுக் குழறல்

• திடீரென்று காது கேட்காமல் போவது

மூளையில் சீழ்க்கட்டி, மூளைச்சவ்வுக் காய்ச்சல் போன்ற உயிர் போகும் ஆபத்துகளுக்கு இவை முன்னறிவிப்பாக இருக்கலாம். வருஷக்கணக்காக வடிந்த காதில் இருந்து சீழ் வருவது திடீரென்று நின்று, தலைவலி தொடங்கினால் "அப்பாடா, நின்னுடுச்சு" என்று சந்தோஷப்படக் கூடாது. அதுவும் எச்சரிக்கைதான்.

ராஜா அண்ணாமலைபுரமும் இரண்டு வகைக் காது கேளாமையும்

சென்னையில் காது என்றதும் பலருக்கு நினைவுக்கு வரும் இடங்களில் ஒன்று ராஜா அண்ணாமலைபுரம். மெட்ராஸ் இ.என்.டி. ஆராய்ச்சி அறக்கட்டளை மருத்துவமனை இங்கேதான் இருக்கிறது. அதை நிறுவிய டாக்டர் மோகன் காமேஸ்வரனுக்கு 2006-ல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பிறவியிலேயே காது கேட்காத குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்பிளாண்ட் பொருத்தும் சிகிச்சையால் இந்த மருத்துவமனை பெயர் பெற்றது.

காக்ளியர் இம்பிளாண்ட் தேவைப்படுவது உள்காதில் இருக்கும் நத்தை வடிவ உறுப்பு வேலை செய்யாதவர்களுக்கு. அங்கே ஒலியை மின்துடிப்பாக மாற்றி நரம்புக்கு அனுப்பக் கருவி வேண்டும். நடுக்காது நோயில் நிலைமை வேறு. நரம்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஒலி போகும் பாதைதான் அடைபட்டிருக்கும். செவிப்பறையைத் தைத்து, எலும்புச் சங்கிலியைச் சரிசெய்தால் பலருக்குக் கேட்கும் திறனை மீட்கலாம்.

ஓட்டை மட்டும் இருந்தால் கேட்கும் இழப்பு பொதுவாக லேசானதில் இருந்து நடுத்தரம் வரை, சுமார் 40 டெசிபல் வரை இருக்கும். எலும்புச் சங்கிலியும் அரிக்கப்பட்டால் 60 டெசிபல் வரை போகலாம். அந்த நிலையில் எதிரில் இருப்பவர் சாதாரணமாகப் பேசுவதே கேட்காது. அதன் பிறகும் விட்டால், கிருமியின் நச்சு உள்காதுக்குள் இறங்கி நரம்பு வகைக் கேளாமையும் சேர்ந்துகொள்ளும். அதைத் தையல் போட்டுத் திருப்ப முடியாது. கருவி பொருத்தலாம் என்றாலும், சீழ் வடியும் காதில் நேராக இம்பிளாண்ட் வைக்க முடியாது. முதலில் நோயை முழுசாகத் துடைத்தெடுக்க வேண்டும்.

அதாவது, சரிசெய்யக்கூடிய கேளாமை சரிசெய்ய முடியாததாக மாற நாம் கொடுக்கும் அவகாசம்தான் அந்தப் பஞ்சு வைத்த வருஷங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் இழப்பு இன்னும் பெரியது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை "கவனமே இல்ல" என்று திட்டுவதுதான் நடக்கிறது. டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பது, "என்ன?" என்று அடிக்கடி கேட்பது, மார்க் திடீரென்று குறைவது இவை எல்லாம் காதைப் பரிசோதிக்க வேண்டும் என்பதற்கான குறிப்புகள்.

என்னென்ன பரிசோதனை?

முதலில் விளக்கு வைத்த கருவியாலும் மைக்ராஸ்கோப்பாலும் செவிப்பறையைப் பார்ப்பார்கள். சீழையும் அழுக்கையும் உறிஞ்சி எடுத்த பிறகுதான் ஓட்டை எங்கே என்று தெரியும். அடுத்து ஆடியோகிராம். எவ்வளவு கேட்கிறது, குறை பாதையிலா நரம்பிலா என்பதை இது சொல்லும். கொலஸ்டியடோமா சந்தேகம் இருந்தால் காது எலும்புக்கான சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். மருந்துக்கு அடங்காமல், வலி இல்லாமல், ஒன்றுக்கு மேற்பட்ட ஓட்டைகளோடு வடியும் காதில் காசநோய் இருக்கிறதா என்றும் பார்ப்பது நம் நாட்டில் அவசியம்.

சிகிச்சை என்ன?

முதல் படி, காதைக் காய வைப்பது. டாக்டர் சீழை உறிஞ்சிச் சுத்தம் செய்துவிட்டு, ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து கொடுப்பார். சுத்தம் செய்யாமல் சீழின் மேல் மருந்தை ஊற்றினால் பலன் குறைவு. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஏதோ ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போடுவதும் ஆபத்து. சில வகை ஆன்டிபயாடிக் சொட்டுகள் ஓட்டை வழியாக உள்காதுக்குப் போய் நரம்பையே பாதிக்கக்கூடியவை.

இரண்டாவது படி, ஓட்டையை அடைப்பது. காதுக்கு மேலே இருக்கும் தசையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையையோ, காது மடலின் குருத்தெலும்பையோ எடுத்து ஒட்டுப் போடுவார்கள். இதற்குப் பெயர் டிம்பனோபிளாஸ்டி. 1950-களில் ஜெர்மனியில் வுல்ஸ்டைன், சோல்னர் என்ற இரு மருத்துவர்கள் அறுவை மைக்ராஸ்கோப்பின் துணையோடு வளர்த்த முறை இது. இன்று பெரும்பாலானவர்களுக்கு ஒட்டு நன்றாகப் பிடித்துக்கொள்கிறது.

கொலஸ்டியடோமா இருந்தால் சொட்டு மருந்தால் குணமாகாது. மாஸ்டாய்டு எலும்பைத் திறந்து நோயை அகற்றும் ஆபரேஷன்தான் வழி. இங்கே முதல் குறிக்கோள் ஆபத்தை நீக்குவது, கேட்கும் திறன் அதற்கு அடுத்ததுதான். இது திரும்ப வரக்கூடியது என்பதால், ஆபரேஷனுக்குப் பிறகும் வருஷக்கணக்கில் செக்கப் போக வேண்டும்.

செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ராயப்பேட்டை அரசு மருத்துவமனை உள்ளிட்ட இடங்களில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு உண்டு. ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கான முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் ஆபரேஷன் வருமா என்று மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்டரில் கேட்கலாம். பள்ளி, அங்கன்வாடிப் பிள்ளைகளைப் பரிசோதிக்க 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் பட்டியலில் நடுக்காது நோயும் இருக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியவை, கூடாதவை

• எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். பூண்டு போட்ட எண்ணெய், மூலிகைச் சாறு, தாய்ப்பால் எதுவும் வேண்டாம். ஓட்டை இருந்தால் அது நேராக நடுக்காதுக்குப் போகும்.

• தலைக்குக் குளிக்கும்போது, வாஸ்லின் தடவிய பஞ்சைக் காது வாசலில் வையுங்கள். குளித்ததும் எடுத்துவிடுங்கள். நாள் முழுக்கப் பஞ்சு வைத்திருந்தால் ஈரம் தங்கிக் கிருமி வளரும்.

• ஓட்டை ஆறும்வரை நீச்சல் குளமும் கடல் குளியலும் வேண்டாம்.

• பட்ஸ், ஊக்கு, தீக்குச்சி, கோழி இறகு எதையும் காதுக்குள் விடாதீர்கள்.

• குழந்தையைப் படுக்க வைத்து பாட்டில் பால் கொடுக்காதீர்கள். தலையைத் தூக்கிப் பிடித்துக் கொடுங்கள். காதுக்குள் ஊதுவதும் வேண்டாம்.

• அடிக்கடி சளி, வாயால் மூச்சு விடுதல், குறட்டை உள்ள குழந்தைக்கு அடினாய்டு சதை இருக்கிறதா என்று பாருங்கள். காதுக்கு மட்டும் மருந்து போட்டால் போதாது, மூக்கையும் கவனிக்க வேண்டும்.

• வீட்டுக்குள் சிகரெட் புகை வேண்டாம். குழந்தைகளுக்கு நியூமோகாக்கல் தடுப்பூசியைத் தவறாமல் போடுங்கள். தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் 2017 முதல் படிப்படியாக இது சேர்க்கப்பட்டது.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீழ் நின்றுவிட்டது, இனி டாக்டர் எதற்கு? சீழ் நின்றாலும் ஓட்டை இருக்கலாம். அடுத்த சளிக்கோ, அடுத்த எண்ணெய்க் குளியலுக்கோ திரும்ப வடியும். காது காய்ந்திருக்கும் நேரம்தான் ஒட்டுப் போட நல்ல நேரம்.

செவிப்பறையில் வெள்ளைத் திட்டு இருக்கிறதாமே? பழைய நோய் ஆறிய தழும்பில் சுண்ணாம்புச் சத்து படிவது அது. கேட்பதில் குறை இல்லை என்றால் பெரும்பாலும் கவலைப்பட வேண்டாம்.

ஒரு காது நன்றாகக் கேட்கிறதே, இன்னொன்றை விட்டுவிடலாமா? கூடாது. கேட்கும் குறைக்காக மட்டும் இந்தச் சிகிச்சை இல்லை. எலும்பை அரிக்கும் நோய் உள்ளே இருக்கிறதா இல்லையா என்பதை ஒரு முறையாவது மைக்ராஸ்கோப் வைத்துப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் வடியும் காதோ, கொஞ்சமே வடிந்தாலும் நாற்றம் அடிக்கும் காதோ உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால், வலி வரும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே காட்டிவிடுங்கள்.